பழைய ஆட்டம், புதுக் கம்ப்யூட்டர்!

"பரணிலே தூங்குகிற பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டால் என்ன?" இந்தப் பேச்சு அடிபடாத வீடு எங்கள் ஓசூரில் இப்போது அபூர்வம். எண்பதுகளில் மொபெட், லாரி, கைக்கடிகாரம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வர, சிப்காட்டைச் சுற்றி ஊரே வளர்ந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் போனஸ் பணம், பி.எஃப். லோன் என்று ஒன்று சேர்த்து, "குழந்தைகள் படிப்புக்கு" என்று சொல்லிக் கம்ப்யூட்டர் வாங்கிய குடும்பங்கள் இங்கே ஏராளம். எல்லையைத் தாண்டினால் கர்நாடகம், பெங்களூரு எஸ்.பி. ரோடில் பேரம் பேசி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பிய கணவன்மார்கள் எத்தனை பேர்!

அந்தப் பெட்டிகளில் படிப்பு எவ்வளவு நடந்ததோ, ஆட்டம் நன்றாகவே நடந்தது. இப்போது அந்தக் குழந்தைகளுக்கே குழந்தைகள் வந்தாயிற்று. விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டதால், பல வீடுகளில் புதிய லாப்டாப் வந்திருக்கிறது. அதோடு கூடவே ஒரு புகாரும் வந்திருக்கிறது. "நாங்க சின்ன வயசிலே விளையாடின ஆட்டம் இதிலே ஓடவே மாட்டேங்குதே!"

சகோதரிகளே, எடைக்குப் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். ஓடாததற்குக் காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் மருந்தும் இருக்கிறது. ஆனால் மருந்து என்ற பெயரில் சிலர் நீட்டும் விஷத்தை மட்டும் வாங்கிக்கொள்ளக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பித்தளைப் பாத்திரமும் இண்டக்ஷன் அடுப்பும்

உங்கள் மாமியார் காலத்துப் பித்தளைப் பாத்திரத்தை இண்டக்ஷன் அடுப்பில் வைத்துப் பாருங்கள். சூடே ஏறாது. பாத்திரத்தில் ஓட்டையா? இல்லை. அடுப்பு கெட்டுவிட்டதா? அதுவும் இல்லை. இரும்புச் சத்து உள்ள அடிப்பாகம் இருந்தால்தான் அந்த அடுப்பு வேலை செய்யும், அவ்வளவுதான். நடுவில் ஓர் இரும்புத் தகடு வைத்தால் அதே பித்தளையில் ரசம் கொதிக்கும்!

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் முதல் பாதியிலும் வந்த ஆட்டங்கள் 'டாஸ்' என்ற பழைய முறைக்காக எழுதப்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவை 16 பிட் வகை. பிறகு 32 பிட் விண்டோஸ் வந்தது; அதற்குள் பழைய 16 பிட் புரோகிராம்களையும் ஓட்டுவதற்கென்று ஒரு சின்னப் பகுதியை வைத்திருந்தார்கள். 64 பிட் விண்டோஸில் அந்தப் பகுதியே கிடையாது. 2021-ல் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டாக மட்டுமே வருகிறது. ஆகவே பழைய டாஸ் ஆட்டத்தை அதில் க்ளிக் செய்தால், "இது உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். ஆட்டத்தின் மீதும் குற்றமில்லை, லாப்டாப் மீதும் குற்றமில்லை. நடுவில் வைக்கத் தகடுதான் இல்லை.

எட்டே எட்டு பைட்

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

என் கணவர் இங்கே ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபிட்டர். 1998-ல் ஒரு பெண்டியம் கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் அவருக்குப் பிடித்தது ஒரே ஒரு ஆட்டம்தான்: 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. பாதாளச் சிறையிலிருந்து ஒருவன் தப்பி, பொறிகளைத் தாண்டி, காவலர்களோடு கத்திச் சண்டை போட்டு, 60 நிமிடத்துக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து நடுராத்திரி வந்து சாப்பிட்டுவிட்டு, எங்கள் தூக்கம் கெடாமல் சத்தத்தை அணைத்துவிட்டு அரை மணி விளையாடுவார். பெரியவள் அப்போது ஆறாவது. தூங்குவது போலப் பாவனை செய்துகொண்டு பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்!

2006-ல் அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேராகிப் பரணேறியது. அவர் 2016-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, "எல்லாம் முடிச்சேன்... அந்த ராஜகுமாரியை மட்டும் காப்பாத்தாமலே ரிடையர் ஆயிட்டேன்" என்று சிரித்தார். அவர் காலமாகி இப்போது மூன்று வருஷமாகிறது.

பெரியவள் இன்று எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறாள். புது லாப்டாப் வாங்கிய அன்று அவள் கேட்டாள்: "அம்மா, அப்பா கடைசியா சேவ் பண்ணின இடம் அந்தப் பழைய டிஸ்கிலே இருக்குமில்லே?"

இருக்கும் என்பதுதான் விஷயம். இந்த ஆட்டத்தில் கண்ட்ரோலையும் 'ஜி' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், எந்தக் கட்டத்தில் இருக்கிறோம், எத்தனை நிமிடம் மிச்சம், எவ்வளவு உயிர்ச் சக்தி இருக்கிறது என்பதை 'பிரின்ஸ் டாட் சேவ்' என்ற குட்டிக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பின் அளவு எட்டே எட்டு பைட். உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுதான்!

இன்னொன்றும் உண்டு. இந்த ஆட்டத்துக்கு ஒரே ஒரு சேவ் கோப்புதான். வேறு யாராவது விளையாடி மறுபடியும் கண்ட்ரோல்-ஜி அழுத்தினால், பழையது அழிந்து அதே இடத்தில் புதியது உட்கார்ந்துவிடும். ஒரு விரல் தவறினால் போயிற்று.

"ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடுங்க!"

முதலில் ஒரு கடையில் விசாரித்தோம். அங்கிருந்த பையன் ரொம்ப உற்சாகமாக, "இது ஒண்ணுமே இல்லே ஆன்ட்டி. நெட்லே இந்த கேமோட கிராக் வெர்ஷன் இருக்கு. டவுன்லோட் பண்ணும்போது ஆன்டிவைரஸ் சும்மா கத்தும். அதை ஆஃப் பண்ணிட்டு, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' குடுத்தா ஓடிடும்" என்றான்.

"அந்த லாப்டாப்பிலேதானே தம்பி என் ஃபேமிலி பென்ஷன் வர்ற பாங்க் கணக்கையும் பார்க்கறோம்?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி..."

'ஒண்ணும் ஆகாது' என்று சொல்கிறவர் நம் பணத்துக்கு ஜவாப்தாரி ஆக மாட்டார் அல்லவா? 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்றால் வீட்டுச் சாவிக் கொத்து முழுவதும் என்று அர்த்தம். முன்பின் தெரியாத புரோகிராமுக்குக் காவல்காரனையும் அனுப்பிவிட்டு, சாவிக் கொத்தையும் கொடுத்தால், அது பின்னணியில் நம் பாஸ்வேர்டுகளைக் குறித்துக்கொள்ளலாம்; கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கலாம். பழைய ஆட்டத்தைத் தேடி ஆசையோடு அலைகிறவர்கள் அவசரப்படுவார்கள் என்பது திருடனுக்கும் தெரியும். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

நாங்கள் செய்த வழி

மகளும் நானுமாகப் படித்துப் பார்த்து, நிதானமாக நான்கு படிகளில் செய்தோம். உங்களுக்கும் உதவும்.

1. பழைய பெட்டியைச் சுவிட்ச் போட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள். இருபது வருஷத் தூசி, உப்புப் பூத்த பாட்டரி, வறண்டுபோன மின் பாகங்கள் என்று உள்ளே என்னென்ன இருக்குமோ! மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வராந்தாவில் வைத்துத் தூசி தட்டுங்கள். பிளக் பிடுங்கியிருந்தாலும், மின்சாரம் வாங்கித் தரும் 'எஸ்.எம்.பி.எஸ்.' டப்பாவை மட்டும் திறக்காதீர்கள்; உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

2. ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றுங்கள். நான்கு ஸ்குரூ, இரண்டு வயர், அவ்வளவுதான். பழைய டிஸ்குகளில் அகலமான பட்டை வயர் இருக்கும், 'ஐ.டி.இ.' வகை என்பார்கள். அதைப் புது லாப்டாப்பின் யு.எஸ்.பி.யில் சொருக ஒரு அடாப்டர் கிடைக்கிறது. வாங்கும்போது தனி பவர் சப்ளையோடு இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். பெரிய டிஸ்க் சுழல 12 வோல்ட் வேண்டும், யு.எஸ்.பி. அதைத் தராது. டிஸ்க் 'டக், டக்' என்று ஒரே மாதிரி தட்டினால் உடனே நிறுத்திவிட்டு, டேட்டா மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தால் உள்ளதும் போகும்.

3. முதலில் நகல், அப்புறம்தான் விளையாட்டு. ஆட்டம் இருக்கும் ஃபோல்டரை அப்படியே முழுசாக லாப்டாப்புக்கு நகல் எடுங்கள். இன்னொரு நகலைப் பென் டிரைவில் போடுங்கள். பழைய டிஸ்கை ஒரு துணிப் பையில் சுற்றி, உலர்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள். விளையாடுவது நகலில் மட்டுமே. நகல் எடுத்ததையும் ஒரு தடவை ஆன்டிவைரஸ் கொண்டு சோதித்துவிடுங்கள். அந்தக் காலத்து ஃப்ளாப்பிகளிலும் வைரஸ் உண்டு! ஃப்ளாப்பியாகவே வைத்திருப்பவர்கள் யு.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவ் வாங்கலாம். ஆனால் தகட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் சொருகாதீர்கள். டிரைவும் சேர்ந்து கெடும்.

4. இப்போது 'தகடு'. அதன் பெயர் டாஸ்பாக்ஸ். 2002 முதல் பலர் சேர்ந்து உருவாக்கிவரும் இலவசப் புரோகிராம். புதிய கம்ப்யூட்டருக்குள்ளேயே, ஒரு ஜன்னலுக்குள் ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டர் இருப்பது போல நடித்துக் காட்டும். ஆட்டத்துக்கு வித்தியாசமே தெரியாது. அதைத் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். ஆன்டிவைரஸை அணைக்கவே தேவையில்லை.

டாஸ்பாக்ஸில் கட்டளைகள் தட்டிப் பயன்படுத்துவது ஒரு முறை. சுலபமான முறை, ஆட்டத்தின் 'ஈ.எக்ஸ்.ஈ.' கோப்பை மவுஸால் இழுத்து டாஸ்பாக்ஸ் படத்தின் மேல் போடுவது. அவ்வளவுதான், ஆட்டம் ஆரம்பமாகிவிடும். ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தினால் திரை முழுக்க விரியும். மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கண்ட்ரோலும் எஃப்10-ம். சில ஆட்டங்கள் பேய் வேகத்தில் ஓடும். பழைய சில்லின் வேகத்தை நம்பி எழுதியவை அவை. கண்ட்ரோலும் எஃப்11-ம் வேகத்தைக் குறைக்கும்; கண்ட்ரோலும் எஃப்12-ம் கூட்டும். லாப்டாப்பில் சில சமயம் 'எஃப்என்' பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

நிழலோடு ஒரு சண்டை

ஆட்டம் திறந்தது. கண்ட்ரோலும் 'எல்' எழுத்தும் அழுத்தினாள் மகள். பன்னிரண்டாம் கட்டம் வந்து நின்றது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மிச்ச நேரம் காட்டும். தட்டினாள். 9 நிமிடம்.

இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த ஒன்பது நிமிடத்தைத் தாண்ட எங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. சேவ் செய்யாமல் விளையாடியதால், தோற்றால் மறுபடியும் அதே ஒன்பது நிமிடம் கிடைத்துவிடும். கோபுரத்தின் மேலே ஏறுவதே பெரும்பாடு. மேலே போனால் வழியை மறித்துக்கொண்டு கதாநாயகனின் நிழலே கத்தியோடு நிற்கிறது! நாலாம் கட்டத்தில் ஒரு கண்ணாடியை உடைத்துக்கொண்டு தாவும்போது பிரிந்த நிழல் அது.

"நிழலை வெட்டினா இவனுக்கு ஏன்டி அடி விழுது?" என்று கேட்டேன்.

"அதாம்மா புரியலே. வெட்டறது இவன்தான், குறையறதும் இவனோட உயிர்தான்."

"அப்போ வெட்டாம சும்மா நில்லேன்!"

சும்மாதான் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழ் அம்புக்குறியை அழுத்தினாள். கத்தி உறைக்குள் போயிற்று. நிழலும் கத்தியைத் தாழ்த்தியது. இருவரும் நெருங்கி வந்து ஒன்றாகிவிட்டார்கள்! அதுதான் அங்கே ஒரே வழி. அதற்கப்புறம் வெறும் பள்ளமாகத் தெரிந்த இடத்தில், ஓட ஓடக் காலடியில் தளம் வந்தது. பிறகு மந்திரியோடு சண்டை, வெற்றி, இளவரசி.

மகள் கைகளை உதறிக்கொண்டு, "அப்பா இந்த நிழலோட எத்தனை நாள் சண்டை போட்டிருப்பார்!" என்றாள். மறுநாள் அவளுக்கு முதல் ஷிஃப்ட். ஆனாலும் கம்ப்யூட்டரை மூடுவதற்கு முன் பென் டிரைவைச் சொருகி, அவருடைய கோப்பு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். அவர் விட்ட ஒன்பது நிமிடம் அப்படியே இருக்கிறது.

(அந்த இளவரசி வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் கட்டத்தில் கதாநாயகன் மாட்டிக்கொள்ளும்போது, தன் வெள்ளை எலியை அனுப்பிக் கதவைத் திறக்கச் செய்பவள் அவள்தான்!)

ஒரு தகப்பனார் அலமாரியை ஒழித்தபோது...

பரணில் தூங்கும் பொருளின் மதிப்பு, இந்த ஆட்டத்தை உருவாக்கியவருக்கே பிற்பாடுதான் தெரிந்தது. ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர், தம்பியை ஓடவும் தாவவும் சொல்லி வீடியோ எடுத்து, அந்த அசைவுகளைப் படம் படமாக வரைந்து கதாநாயகனை உருவாக்கினார். பின்னணி இசை அவருடைய தகப்பனார் ஃபிரான்சிஸ் மெக்னர் அமைத்தது. முழுக்கக் குடும்பத் தொழில்! 1989-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கும், அடுத்த ஆண்டு டாஸுக்கும் ஆட்டம் வெளிவந்தது.

ஆனால் ஆப்பிள் 2-க்காக அவர் எழுதிய மூல நிரல் எங்கேயோ தொலைந்துவிட்டது. வருஷக் கணக்காகத் தேடியும் அகப்படவில்லை. 2012-ல் தகப்பனார் வீட்டு அலமாரியை ஒழித்தபோது, ஒரு பெட்டி கிடைத்து மகனுக்கு அனுப்பிவைத்தார். உள்ளே பார்த்தால், தொலைந்துபோன ஃப்ளாப்பிகள்! பழைய கம்ப்யூட்டர்களில் கை தேர்ந்த சிலர் வந்து, பழைய இயந்திரங்களைக் கூட்டி, பக்குவமாக நகல் எடுத்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ஃப்ளாப்பிகளைப் படிக்க முடிந்தது. மெக்னர் அதை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார். அந்தத் தகப்பனார் பெட்டியைப் பிரிக்காமலே குப்பையில் போட்டிருந்தால்?

உங்கள் ஆட்டம் எந்தக் காலத்தது?

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. வயதைப் பார்த்துத்தான் மருந்து.

டாஸ் காலம்: தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை. டாஸ்பாக்ஸ் போதும்.

விண்டோஸ் 95, 98 காலம்: ஆட்டத்தின் படத்தில் வலது க்ளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்' போய், 'கம்பாட்டிபிலிட்டி' பகுதியில் பழைய விண்டோஸின் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பல ஆட்டங்கள் ஓடிவிடும். சில ஆட்டங்கள் 32 பிட்டாக இருந்தும், அவற்றை ஏற்றும் 'செட்அப்' மட்டும் 16 பிட்டாக இருந்து மக்கர் செய்யும். குற்றவாளி ஆட்டமல்ல, செட்அப்தான் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

சி.டி. பூட்டுக் காலம்: 2000-த்தை ஒட்டி வந்த பல ஆட்டங்களின் சி.டி.யில், திருட்டு நகலைத் தடுக்க 'சேஃப்டிஸ்க்' போன்ற பூட்டுகள் இருந்தன. அந்தப் பூட்டு விண்டோஸின் அடிவயிறு வரை போய் வேலை செய்யும். அதில் இருந்த ஓட்டை வழியாகக் கெட்டவர்கள் புகுந்தது 2007-லேயே தெரிய வந்தது. ஆகவே 2015-ல் வந்த விண்டோஸ் 10 அந்தப் பூட்டை ஏற்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் அதை நிறுத்தி வைத்தார்கள். காசு கொடுத்து வாங்கிய அசல் சி.டி.யும் ஓடாது என்பது வருத்தம்தான். ஆனால் "அந்தப் பழைய பூட்டை மறுபடியும் போட்டுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது ஓட்டையை மறுபடி திறப்பது. 2008 முதல் 'ஜி.ஓ.ஜி.' போன்ற நிறுவனங்கள் பழைய ஆட்டங்களைப் பூட்டில்லாமல், புதிய கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி சீர் செய்து விற்கின்றன. உங்கள் ஆட்டம் அங்கே இருந்தால் வாங்கிக்கொள்வதே நிம்மதி.

கூடவே வந்த ஆட்டம்: விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கு 'பின்பால்' நினைவிருக்கும். அடுத்த விண்டோஸில் அது ஏன் காணாமல் போயிற்று என்று பலர் கேட்டார்கள். மைக்ரோசாஃப்ட் இஞ்சினீயர் ரேமண்ட் சென் பின்னாளில் காரணத்தை எழுதினார். 64 பிட்டுக்கு மாற்றியபோது, பந்து எதிலும் மோதாமல், ஆவி போல எல்லாவற்றையும் ஊடுருவிக் கீழே விழுந்துவிட்டதாம்! வெளியார் எழுதிய நிரல். விளக்கக் குறிப்பு கிடையாது. பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் ஆட்டத்தையே எடுத்துவிட்டார்கள். பெரிய கம்பெனிக்கே அந்தப் பாடு என்றால், நாம் சோர்ந்து போவானேன்?

வீட்டுக்கு நாலு யோசனை

பாங்க் வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர், பழைய ஆட்டத்துக்கு ஒன்று என்று பிரித்துவிடுவது உத்தமம். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி உங்கள் அலமாரியில் இருக்குமே! ஓடுகிற நிலையில் இருந்தால், இண்டர்நெட் இணைப்பே கொடுக்காமல் அதை ஆட்டத்துக்கென்று ஒதுக்கிவிடலாம்.

ஆட்டத்தோடு வந்த சிறு புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தக் காலத்தில் அதுவே பூட்டுக்குச் சாவி. இதே 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வில் முதல் கட்டம் தாண்டியதும், புத்தகத்தின் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன வார்த்தையின் முதலெழுத்து என்ன என்று கேட்கும். தெரியாவிட்டால் மேலே போக முடியாது.

ஷிஃப்ட் முடிந்து வந்து விளையாடுகிறவர்கள் கண்ணையும் கவனியுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை 20 விநாடி பாருங்கள் என்று கண் டாக்டர்கள் சொல்கிறார்கள். கீபோர்டு முழங்கை உயரத்தில் இருந்தால் மணிக்கட்டு வலிக்காது. படுக்கையில் குப்புறப் படுத்து விளையாடுவது கழுத்துக்கு ஆகாது.

கடைசியாக, எடைக்குப் போடுவது பற்றி. வேண்டாததைப் போடத்தான் வேண்டும். பரணும் காலியாக வேண்டுமே! ஆனால் காயலான் கடைக்காரர் வருவதற்கு முன் டிஸ்கைக் கழற்றி ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆட்டம் மட்டுமல்ல, பழைய கல்யாண ஃபோட்டோ, பிள்ளைகள் பத்தாவதில் எழுதிய கட்டுரை, மாமனார் எழுதி வைத்த கணக்கு என்று எதுவும் இருக்கலாம். எட்டு பைட்டுக்குள் ஒரு மனுஷர் இருந்ததை நான் பார்த்துவிட்டேன். உங்கள் வீட்டு டிஸ்கில் யார் இருக்கிறார்களோ, இந்த வார லீவிலேயே ஒரு ஸ்குரூ டிரைவரோடு ஏறிப் பாருங்களேன்! ஏணியைப் பிடிக்க மட்டும் ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.